கதவோர மேசை

“கறுப்போ?” என்று கனகலிங்கம் தொலைபேசியில் போட்ட சத்தம் குசினிவரைக்கும் கேட்டது. அருள்நாயகி கறிச்சட்டியின் கீழே நெருப்பைக் குறைத்துவிட்டு வெளியே வந்தாள். மகள் சந்திரவதனா ஜப்பானிலிருந்து பேசிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் தாய் அங்கே நடக்கிற கலியாணத்துக்குக் கறுப்புக் கிமோனோதான் உடுத்துவார், அந்த நாட்டில் அதுதான் ஆகப் பெரிய மரியாதை, அதைக் கண்டவுடன் அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று அவள் சொல்லியிருக்கிறாள். “நல்ல காரியத்துக்குக் கறுப்பு உடுக்கிற ஆக்களோட எனக்கென்ன கதை” என்று சொன்னாலும் கனகலிங்கத்தின் குரலில் பெரிய கோபம் இருக்கவில்லை. கோபமெல்லாம் முன்னமே கோபித்துத் தீர்த்தாகிவிட்டது. ஜப்பான்காரப் பொடியன் ஒருவனைக் கட்டப்போகிறேன் என்று வதனா சொன்ன நாளிலிருந்து ஒரு வருடம் அவர் மகளோடு பேசவே இல்லை. பிறகு, தை மாதத்தில் லண்டனில் தமிழ் முறைப்படி பெரிய வரவேற்பு வைப்பது, மாப்பிள்ளை வீட்டார் அதற்கு வந்து சபையில் இருப்பது என்ற ஒப்பந்தத்தோடு இறங்கி வந்தார். வெம்பிளியில் மண்டபமும் பதிந்தாகிவிட்டது.

வதனா மூன்று வருடமாக நாகோயா நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தாள். தாய்தகப்பன் முதல்முறை வருகிறார்கள் என்பதால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் பாடம் நடத்தினாள். சோற்றுக் கிண்ணத்தில் குச்சிகளைக் குத்தி நிறுத்தக் கூடாது, அது செத்தவீட்டில் செய்வது. எல்லோருக்கும் முன்னால் மூக்குச் சீறக் கூடாது. உங்கள் கோப்பைக்கு நீங்களே ஊற்றக் கூடாது, பக்கத்தில் இருப்பவருக்கு நீங்கள் ஊற்றினால் அவர் உங்களுக்கு ஊற்றுவார். கனகலிங்கம் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டார். மேசைகளைப் பற்றி மட்டும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அங்கேயே இருந்து பழகிப்போனவளுக்கு அதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லைபோலும்.

கனகலிங்கம் யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரியில் பிரதம லிகிதராக இருந்தவர். எண்பத்து நாலில் மனைவியையும் பதினொரு வயது மகளையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்து, கிங்ஸ்பரியில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவுக் காசாளராகச் சேர்ந்தார். சேர்ந்தவர் இன்னும் அங்கேயே இருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு, குடித்துவிட்டு வருகிறவர்கள் அந்தக் கண்ணாடியில் அறைந்து என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் ‘தாங்க்யூ சேர்’ என்று சொல்லுகிற வேலை. கிழமை முழுக்க அந்தக் கண்ணாடிக்குள் பறிகொடுத்ததை அவர் சனி ஞாயிறுகளில் தமிழர் கலியாண மண்டபங்களில் வசூலித்துக்கொண்டார். முன்வரிசையில் இருத்தாவிட்டால் எழும்பிவிடுவார். பாலேந்திராவின் மகளுடைய கலியாணத்தில் நாலாம் வரிசையைக் காட்டினார்கள் என்று சாப்பிடாமல் வந்தவர். அடுத்தநாள் பாலேந்திராவும் மனைவியும் பலகாரத் தட்டத்தோடு வீடு தேடி வந்து தணித்துவிட்டுப் போனார்கள். அருள்நாயகிக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். எழும்பிப் போகிறவர் போவதற்காக எழும்புவதில்லை. வாசலைத் தாண்டுவதற்குள் யாராவது ஓடிவந்து கையைப் பிடிக்க வேண்டும், ‘அண்ணை, என்ன இது’ என்று கெஞ்ச வேண்டும், அதற்காக எழும்புவது. அவர் எழும்பினால் பின்னால் போவது அவளுடைய வேலை. பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு, எல்லோரையும் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரித்துக்கொண்டு, பட்டுச்சேலை சரசரக்க எத்தனையோ மண்டபங்களிலிருந்து அவள் அப்படிப் போயிருக்கிறாள்.

ஐப்பசி மாதக் கடைசியில் நாகோயாவில் போய் இறங்கினார்கள். அடுத்தநாள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார்கள். மாப்பிள்ளை மசாகியின் தகப்பன் நகாதா மெலிந்த, குள்ளமான மனிதர். நகரசபையின் தண்ணீர் விநியோகக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர். வாசலில் நின்று கைகூப்பி “வணக்கம்” என்று தமிழில் சொன்னார். வதனாவிடம் கேட்டுப் பழகியிருக்க வேண்டும். “எங்கட ஆள்தான், கிளாக்கர்” என்று கனகலிங்கம் மனைவியின் காதுக்குள் சொன்னார். அந்த நிமிடம்வரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது.

பிறகு இவர்கள் கொண்டுபோன தட்டத்தைக் கொடுத்தார்கள். அந்தத் தட்டத்துக்காக இரண்டு பேரும் லண்டனில், டூட்டிங்கில் கடை கடையாக ஏறி இறங்கியிருந்தார்கள். வெள்ளித் தட்டம், வெள்ளிச் செம்பு, மாப்பிள்ளைக்கு மோதிரம், தாய்க்கு மாம்பழ நிறத்தில் பட்டு. நாலு பேர் பார்க்கத் திறந்தபடி ஏந்திக்கொண்டு போவதுதான் கனகலிங்கத்தின் எண்ணம். வதனா விடவில்லை, கடதாசி சுற்றிக் கட்டித்தான் கொடுக்க வேண்டும் என்று தானே சுற்றினாள். நகாதா அதை இரண்டு கையாலும் வாங்கி, நெற்றிக்கு நேரே உயர்த்தி, குனிந்து, சுவரோரம் பூ வைத்திருந்த மாடத்தில் கொண்டுபோய் வைத்தார். வைத்தது வைத்ததுதான். தேநீர் வந்தது, பலகாரம் வந்தது, மசாகியின் சின்னவயதுப் படங்கள் வந்தன. கனகலிங்கத்தின் கண் மாடத்தை விட்டு அசையவில்லை.

திரும்பி வருகிற வழியில், டாக்சிக்குள், “பிரிச்சும் பாக்கேல்லை” என்றார்.

“குடுத்தவைக்கு முன்னால பிரிக்கிறது இஞ்ச மரியாதை இல்லை அப்பா. ஆலாப் பறக்கிற மாதிரி நினைப்பினம்.”

“உனக்கு இப்ப எல்லாம் அவையின்ர பக்கம்.”

தகப்பனும் மகளும் ஒரே மாதிரி வாயை இறுக்கிக்கொண்டு, ஆளுக்கொரு கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். நடுவில் அருள்நாயகி இருந்தாள்.

கலியாணம் ஒரு பெரிய ஹோட்டலில் நடந்தது. சடங்கு முடிந்ததும் எல்லோரும் விருந்து மண்டபத்துக்குள் போனார்கள். வட்ட வட்ட மேசைகள், ஒவ்வொன்றிலும் வெள்ளை விரிப்பு, ஒவ்வொரு இருக்கைக்கும் முன்னால் பெயர் எழுதிய அட்டை. மறுகோடியில் மேடைபோல உயர்த்திய இடத்தில் மணமக்களின் மேசை. வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெட்டை குனிந்து வணங்கி, இவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனாள். மேடைப் பக்கம் போகவில்லை, நடுவுக்கும் போகவில்லை. பரிசாரகர்கள் தட்டுகளோடு போய்வருகிற வாசற்கதவின் ஓரத்தில், ஆகக் கடைசியாகப் போட்டிருந்த ஒரு சிறிய மேசையில் கொண்டுவந்து விட்டாள். ஏதோ பிழை நடந்துவிட்டது என்றுதான் கனகலிங்கம் முதலில் நினைத்தார். அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஆங்கில எழுத்தில் அவருடைய பெயர். பக்கத்தில் மனைவியின் பெயர். பிழை இல்லை.

முன்மேசைகளில் இருந்தவர்கள் மசாகியின் கம்பனி முதலாளிமாரும் வதனாவின் பள்ளிக்கூடத்து அதிபரும் ஆசிரியர்களும். அவர்களுக்குப் பின்னால் சினேகிதர்கள். லண்டனிலிருந்து வந்த வதனாவின் தோழி ரமாவுக்குக்கூட நடுவில் இடம் கிடைத்திருந்தது. கனகலிங்கம் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். மடித்து வைத்திருந்த துணியை எடுத்து மடியில் விரிக்கவில்லை.

“பாத்தீரோ?” என்றார்.

“என்ன?”

“பாத்தீரோ எண்டு கேக்கிறன்.”

அருள்நாயகி பார்த்தாள். இருக்கை என்பது என்னவென்று அவருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அவர்களுடைய கலியாணத்தன்று அவருடைய தகப்பன் வாசலில் நின்று யார் யாருக்குக் கதிரை, யார் யாருக்குப் பாய், யார் யார் வேலிக்கு வெளியே நின்று வாங்கிக்கொண்டு போவது என்று கையால் பிரித்து அனுப்பியதை அவள் மணவறையிலிருந்து கண்டவள். அந்தக் கைக்குப் பிறந்தவர்தான் பக்கத்தில் இருந்தார். ஓரத்தில் இருத்துவதன் அர்த்தம் தெரிந்த மனிதர். தெரிந்ததால்தான் அவரால் தாங்க முடியவில்லை.

அவள் இன்னொன்றையும் பார்த்தாள். மண்டபத்தின் மற்றப் பக்கத்தில், எதிர்ச் சுவரோரம், அதே அளவில் இன்னொரு சிறிய மேசை. அதுவும் கடைசி. அங்கே கறுப்புக் கிமோனோவில் நகாதாவின் மனைவி இருந்தாள். பக்கத்தில் நகாதா. மேடையிலிருந்து இவர்கள் எவ்வளவு தூரமோ அவர்களும் அவ்வளவு தூரம். அருள்நாயகிக்கு முழுக்க விளங்கவில்லை, ஆனால் விளங்க வேண்டியது விளங்கியது. இடம் கேவலமானது என்றால் அதில் தாங்களும் போய் இருப்பார்களா?

‘அங்க பாருங்கோ’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொல் நாக்குவரைக்கும் வந்தது. அவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். உதட்டின் ஓரம் துடித்துக்கொண்டிருந்தது, மூக்கின் மேல் வேர்வை. எத்தனை மண்டபங்களில் அவர் முன்வரிசையில் இருந்திருக்கிறார். அவள் எங்கே இருக்கிறாள் என்று ஒருநாளாவது திரும்பிப் பார்த்திருக்கிறாரா? குசினி வாசலில், பிள்ளைகள் அழுகிற மூலையில், செருப்பு கழற்றுகிற இடத்தில் என்று கிடைத்த இடத்தில் அவள் இருந்திருக்கிறாள். இருக்கட்டும் என்று அவளுக்குள் ஒன்று சொன்னது. கொஞ்ச நேரம் இருந்து பார்க்கட்டும். சூப் வந்தது. அவள் ஒரு கரண்டி எடுத்துக் குடித்தாள். நல்ல ருசியாக இருந்தது.

பேச்சுகள் நீண்டன. முதலாளி பேசினார், அதிபர் பேசினார். கனகலிங்கம் ஆங்கிலத்தில் ஒரு பேச்சைப் பாடமாக்கி வந்திருந்தார், ஒருவரும் கூப்பிடவில்லை. நகாதா எழும்பி, ஒரு பியர்ப் போத்தலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேசை மேசையாகப் போய்க் குனிந்து குனிந்து ஊற்றத் தொடங்கினார். “தகப்பன் பரிமாறுறான்” என்றார் கனகலிங்கம். “இப்பிடியொரு இடத்திலயோ பெட்டையைக் குடுத்தனாங்கள்.” இறைச்சி வந்தது. அவர் தொடவில்லை. அது ஆறிக் கொழுப்புப் படிந்தபோது கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழும்பினார்.

அப்போதுதான் அவள் சொன்னாள். “இஞ்சேரப்பா, அங்க பாருங்கோ. அவையும் கடைசியிலதான் இருக்கினம்.”

அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவர் பார்ப்பதைக் கடந்துவிட்டிருந்தார்.

“அவன்ர ஊர், அவன் எங்கயும் இருப்பான். என்னை ஆர் இஞ்ச இருத்தினது? உம்மட மகள்.” குனிந்து அவள் முகத்துக்கு நேரே சொன்னார். “பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போகேக்கயே என்னைப் பின்னால வரச் சொன்னவள். பெற்றோல் மணக்குதாம். வெள்ளைப் பிள்ளையள் பாக்குங்களாம். அண்டைக்கு றோட்டில, இண்டைக்குச் சபையில.”

அருள்நாயகி அதை இதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. இத்தனை வருடம் ஒரே கட்டிலில் படுத்த மனிதர் அதை ஒருநாளும் சொன்னதில்லை.

மேசை கதவோரத்தில் இருந்தபடியால் அவர் போனது ஒருவருக்கும் தெரியவில்லை. நாலு எட்டில் கதவு வந்துவிட்டது. கையுறை போட்ட பெட்டை அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்து, இடுப்புவரை குனிந்து வழிவிட்டாள். வெளியே நடையில் அவர் ஒரு கணம் பாதி திரும்பியபடி நிற்பதை அருள்நாயகி கண்டாள். கையைப் பிடிக்க அந்த மண்டபத்தில் ஒரு ஆளும் இருக்கவில்லை. அவர்களுக்கு அந்தப் பழக்கமே தெரியாது. கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

அவள் எழும்பவில்லை. கால் எழும்பப் பார்த்தது, அவள் விடவில்லை.

விருந்து முடிகிற நேரத்தில் விளக்குகளை மங்கலாக்கினார்கள். அதே பெட்டை வந்து அருள்நாயகியை எழுப்பி, கதவுப் பக்கத்துச் சுவருக்கு முன்னால், சபையைப் பார்த்தபடி நிறுத்தினாள். மற்றப் பக்கத்திலிருந்து நகாதாவும் மனைவியும் வந்து அதே வரிசையில் நின்றார்கள். நகாதா அவளுக்குப் பக்கத்திலிருந்த வெறும் இடத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மனைவியிடம் மெல்ல ஏதோ சொன்னார். இரண்டு பேரும் அரக்கி அரக்கி அருள்நாயகிக்குக் கிட்ட வந்தார்கள், இடைவெளி தெரியாமல் போகிறமட்டும். கறுப்புப் பட்டின் கை அவளுடைய சேலையில் உரசியது.

தூரத்தில் மேடையில் வதனா சிவப்புச் சேலையோடு ஒலிவாங்கியைப் பிடித்தாள். முதலில் ஜப்பான் மொழியில் ஒரு வசனம் சொன்னாள். பிறகு “அப்பா” என்றாள். அந்தச் சொல்லோடு வெளிச்சம் சுழன்று வந்து கதவுப் பக்கத்துச் சுவரில் விழுந்தது. கண் கூசியதில் அருள்நாயகிக்கு மகளின் முகம் தெரியவில்லை. குரல் நின்றது மட்டும் தெரிந்தது. மணப்பெண் அழுகிறாள் என்று நினைத்துச் சபையில் சிலர் கைலேஞ்சியை எடுத்தார்கள்.

“அப்பா, லண்டனுக்கு வந்த புதுசில நீங்கள் இரவு வேலை முடிச்சு, நித்திரையும் கொள்ளாமல் வந்து என்னைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போவீங்கள். நான் உங்களைப் பின்னால வரச் சொன்னனான். நீங்கள் ஏன் எண்டு கேக்கேல்லை. பின்னாலயே வந்தீங்கள். றோட்டுக் கடக்கேக்க மட்டும் ஓடிவந்து பக்கத்தில நிண்டீங்கள். கடந்த உடன திரும்பவும் பின்னால போனீங்கள்.” அவள் மூச்சு எடுத்தாள். “இண்டைக்கு எல்லாருக்கும் முன்னால உங்களிட்ட மன்னிப்புக் கேக்க வேணும் எண்டு நினைச்சனான்.”

அவ்வளவுதான். அந்த மண்டபத்தில் தமிழ் தெரிந்த மற்றவள் ரமா, வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டாள். மணமக்கள் மேசைகளுக்கு நடுவால் நடந்து வந்தார்கள். தாய்மாருக்குப் பூங்கொத்து. தகப்பன்மாரின் கோட்டில் குத்துவதற்கு ஆளுக்கொரு சின்னப் பூ. மசாகி தன் தகப்பனுக்குக் குத்திவிட்டான். வதனா தன் கையிலிருந்த பூவை விரல்களுக்குள் மூடிக்கொண்டாள். பிறகு எல்லோருமாகக் கதவுக்கு வெளியே வரிசையாக நின்று, போகிற விருந்தினர் ஒவ்வொருவருக்கும் தலை குனிந்தார்கள். அருள்நாயகியும் குனிந்தாள். எத்தனை தரம் குனிந்தாளோ தெரியாது, அறைக்குப் போனபோது முதுகு பிடித்துக்கொண்டது.

கனகலிங்கம் கோட்டும் சப்பாத்துமாகக் கட்டில் விளிம்பில் இருந்தார். ஏன் பின்னால் வரவில்லை என்று கேட்பார் என அவள் எதிர்பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

“ஒருத்தரும் வரேல்லை” என்றார்.

அடுத்தநாள் காலையில் வந்தார்கள். அருள்நாயகி கீழே இறங்கியபோது வதனா மின்தூக்கிக்குப் பக்கத்தில் தனியாக நின்றாள். கண் வீங்கியிருந்தது. நகாதாவும் மனைவியும் முன்மண்டபத்தில் இருக்கையில் இராமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

“அது தாய்தகப்பன்ர இடம், அம்மா” என்றாள் வதனா. “வந்தவைக்குத்தான் முன்னுக்கு. அழைச்ச ஆக்கள் ஆகக் கடைசியில இருப்பினம். உங்களை வெளியாக்களா வைக்கேல்லை. வீட்டுக்காரரா வைச்சது.”

“அப்ப அதை அவரிட்டச் சொல்லன் பிள்ளை.”

“மாமா வேண்டாமெண்டிட்டார். சொன்னால் அப்பா வெக்கப்படுவாராம். முதலே வந்து விளங்கப்படுத்தாதது தன்ர பிழையாம். மன்னிப்புக் கேட்டிட்டுப் போறன் எண்டு நிக்கிறார்.” வதனா மூக்கைத் துடைத்தாள். “நானும் சொல்லமாட்டன். நான் நேற்றுக் கதைச்சதையும் நீங்கள் அவருக்குச் சொல்லாதேங்கோ. அது அவருக்கெண்டு வைச்சிருந்தது. கேக்க அவர் இருக்கேல்லை.”

மின்தூக்கியின் இலக்கங்கள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்தபடியே வதனா கேட்டாள். “நீங்கள் காணேல்லையோ, அம்மா? மாமாவும் மாமியும் கடைசி மேசையிலதான் இருந்தவை. உங்களுக்கு நேர் எதிர.”

“காணேல்லை” என்றாள் அருள்நாயகி.

வதனா தாயின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு கதவு திறந்து கனகலிங்கம் வெளியே வந்தார். முழுக் கைச் சட்டை, கழுத்தில் ரை, தலை படிய வாரியிருந்தார். அவரைக் கண்டதும் நகாதாவும் மனைவியும் கைகளைத் தொடையோடு ஒட்டவைத்து, இடுப்பிலிருந்து மடிந்து, அப்படியே நின்றார்கள். போகிற வருகிற ஆட்கள் விலகிப் போனார்கள். குனிந்தபடியே நகாதா நெடுநேரம் பேசினார்.

“தங்கட கவனக்குறைவால உங்களுக்கு மனவருத்தம் வந்திட்டுதாம்” என்றாள் வதனா. “மன்னிக்கட்டாம்.”

கனகலிங்கத்தின் தோள்கள் இறங்கின. முகத்தில் இரத்தம் ஊறி வருவதை அருள்நாயகி கண்டாள். “பரவாயில்லை எண்டு சொல்லு. மனுசர் எண்டால் பிழை விடுறதுதான். நான் அதை மனசில வைச்சிருக்கிற ஆள் இல்லை.”

வதனா ஜப்பான் மொழியில் சொன்னாள். அவர் சொன்னதைவிட அது நீளமாக இருந்தது. சொல்லிமுடித்து அவளும் அவர்களைப் பார்த்துக் குனிந்தாள், மாமனார் மாமியாரைவிடக் கீழே.

தை மாத வரவேற்பு நடக்கவில்லை. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்று கனகலிங்கம் ஊருக்குச் சொன்னார். அது வதனா அவருக்குச் சொன்ன காரணம். தாய்க்குச் சொன்ன காரணம் வேறு. “இன்னொரு சபையில இன்னொரு கதிரை, அம்மா. எனக்கு ஏலாது” என்றிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியும் நின்றது. தகப்பனின் ஷிப்டைக் கேட்டு வைத்திருந்து, அவர் பெற்றோல் நிலையத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து எடுப்பாள். காலநிலை, சமையல், உடம்பு எப்படி என்ற அளவில் பேச்சு முடிந்துவிடும். சில வேளை இரண்டு பக்கமும் பேச்சில்லாமல் வெறும் இரைச்சல் மட்டும் கேட்கும். அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்று அந்த இரைச்சலைக் கேட்கும்போதெல்லாம் அருள்நாயகி நினைத்தாள். பிள்ளைக்குத் தெரியாதா தாய் பொய் சொல்லுவது.

கனகலிங்கத்துக்கு ஜப்பான் போய் வந்தது ஒரு பட்டம்போல ஆகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். கடைசி மேசையில் இருத்தினார்கள், நான் எழும்பிவிட்டேன், அடுத்தநாள் குடும்பமாக வந்து மன்னிப்புக் கேட்டார்கள். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. நகாதா அழுதார் என்று ஒரு தரம் சொன்னார். அருள்நாயகி தேத்தண்ணி ஊற்றினாள், முறுக்குத் தட்டை நீட்டினாள், கேட்டுக்கொண்டு நின்றாள். சொல்ல வேண்டாம் என்று மகள் கேட்டதற்காகத்தான் சொல்லாமல் இருக்கிறேன் என்று முதலில் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு அப்படிச் சொல்லிக்கொள்வதையும் விட்டுவிட்டாள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அந்தக் கதையைச் சொல்லும்போது மண்டபத்தில் அந்த முதல் கரண்டி சூப்பின் ருசி அவளுடைய வாயில் வந்தது. இப்போது அதில் கசப்பும் இருந்தது. ஆனாலும் ருசிதான்.

மாசி மாதத்தில் ஒருநாள் பின்னேரம் ஸ்ட்ரெதமிலிருந்து பரமேஸ்வரனும் மனைவி சிவமலரும் வந்தார்கள். கனகலிங்கத்துக்குத் தூரத்து உறவு. அவர்கள் இந்தக் கதையை இன்னும் கேட்டிருக்கவில்லை. கனகலிங்கம் விமானத்திலிருந்து தொடங்கி, தட்டத்தைப் பிரிக்காததைச் சொல்லி, மேசைக்கு வந்து, காலையில் முன்மண்டபத்தில் வந்து நின்றார்.

“எவ்வளவு குனிஞ்சவை, அண்ணை? சும்மா தலையை ஆட்டுவினம், அப்பிடியோ?” என்று பரமேஸ்வரன் கேட்டார்.

“தலையோ? இரும், காட்டிறன்.” கனகலிங்கம் எழும்பினார். சின்ன மேசையை ஓரத்துக்கு இழுத்து விட்டார். “இஞ்சரும், நீர் இதில வந்து நில்லும். இவதான் நான் எண்டு வையுங்கோ. நான் நகாதா.”

அருள்நாயகி தட்டை வைத்துவிட்டு வந்து, அவர் காட்டிய இடத்தில், கம்பளத்தின் நடுவில் நின்றாள். கனகலிங்கம் அவளுக்கு முன்னால் கால்களைச் சேர்த்து நின்றார். கைகளைத் தொடையோடு ஒட்டவைத்தார். பிறகு இடுப்பிலிருந்து மடிந்தார். நன்றாகப் பார்த்து வைத்திருக்கிறார் என்று அவள் நினைத்தாள். முதுகு நேராக இருந்தது, கழுத்து வளையவில்லை. அவருடைய உச்சந்தலை அவளுடைய நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. சாயம் விட்ட இடத்தில் நரை ஒரு விரல் அகலத்துக்கு ஏறியிருந்தது. சட்டைக் கழுத்துக்கு மேலே தோல் சுருங்கிச் சிவந்து கிடந்தது. வழக்கமான பெற்றோல் மணம் மெல்ல எழும்பியது.

சிவமலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஐயோ, இவ்வளவுக்கோ!”

“இவ்வளவுக்குத்தான்” என்று கனகலிங்கத்தின் குரல் கீழே கம்பளத்திலிருந்து வந்தது. “நிமிரேல்லை பாருங்கோ. நான் போதுமெண்டு சொல்லுமட்டும் அவன் இப்பிடியே நிண்டவன். அருள், போதுமெண்டு சொல்லும். நீர் சொன்னால்தான் நான் நிமிரலாம்.”

பரமேஸ்வரனும் சிரித்துக்கொண்டு அருள்நாயகியைப் பார்த்தார். அவள் அந்த உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே ஒரு பஸ் நின்று எடுத்துக்கொண்டு போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. சிவமலரின் சிரிப்பு குறைந்தது, பிறகு நின்றது.

“சொல்லுமன்” என்றார் கனகலிங்கம்.

அவருடைய முழங்கால் இலேசாக நடுங்கத் தொடங்கியிருந்தது. அருள்நாயகி ஒன்றும் சொல்லவில்லை. அவர் குனிந்தபடியே நின்றார்.